சிவனொளிபாதத்திலிருந்து கதிர்காமம் வரை

மார்ச் 18, 2025, செவ்வாய். கொழும்பு

இலங்கைப் பயணத்துக்கு இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முஸ்லிம்களுக்கு ரமலான் நோன்பு நடக்கிறது. கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலம். பௌத்தர்களுக்கும் சைவர்களுக்கும் சிவனொளிபாத மலையில் யாத்திரைப் பருவம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை போகும். இலங்கையில் நான்கு மதத்தாரும் ஒரே சமயத்தில் விரதமும் யாத்திரையுமாக இருக்கும் நாட்கள் இவை.

இதே நாடுதான் 1983 ஜூலையைப் பார்த்தது. 2009 மே வரை நீண்ட போரைப் பார்த்தது. 2019 ஈஸ்டர் ஞாயிறைப் பார்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரே மலையில், ஒரே கோயில் வளாகத்தில், வெவ்வேறு மதத்தார் இடித்துக்கொண்டு நின்று கும்பிடுகிறார்கள். அது எப்படி முடிகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மதங்கள் ஒன்றில்லை. நம்பிக்கை வேறு, சடங்கு வேறு, செத்தவரை அனுப்பிவைக்கும் முறைகூட வேறு. வேறு என்று தெரிந்தே பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவர்கள் யார், எப்படி விடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உகந்த நாள் என்பதால் இன்றே போனேன். வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக முடியும். உள்ளே கூட்டம். கண்ணாடிப் பேழையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வரிசை. எனக்கு முன்னால் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக ஓர் அம்மா, மடியில் கட்டியிருந்த சில்லறையை எடுத்து உண்டியலில் போட்டார். அவருக்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டி. மெழுகுவர்த்தி விற்கும் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி இந்தியாவா? செவ்வாய்க்கிழமை இங்க யாரு வேதம் (கிறிஸ்தவம்), யாரு சைவம், யாரு புத்த சமயம்னு பிரிச்சுப் பார்க்க ஏலாது. எல்லாருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வருது, காணாமப் போன சாமான் கிடைக்கணும். அந்தோனியார்கிட்ட சொல்லிட்டுப் போறாங்க."

கோயில் தோன்றிய கதையும் இந்தக் கூட்டத்துக்குப் பொருத்தமானதுதான். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். அந்தோனியோ என்ற பாதிரியார் வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்தார். கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தது. மீனவர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்கள். அவர் சிலுவையை நட்டு மன்றாடினார், கடல் பின்வாங்கியது என்பது இங்கே சொல்லப்படும் கதை. ஒளிந்து வாழ்ந்தவர்களின் கோயில் இது.

2019 ஏப்ரல் 21 காலை ஈஸ்டர் திருப்பலியின்போது இங்கே குண்டு வெடித்தது. அன்று நாடு முழுக்க 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் கத்தோலிக்கர்களைப் பார்த்து, பழிவாங்க இறங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அப்படியும் மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் கடைகள். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கோயிலின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தோனியார் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் பொன்னம்பலவாணேசர் கோயில், முழுக்கக் கருங்கல் திருப்பணி. மாலை பூசை மணி அடிக்கும்போது அங்கே இருந்தேன். மதியம் அந்தோனியார் கோயிலில் பார்த்த திருநீற்று அம்மா இங்கேயும் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச் 19, புதன். ஹட்டன், நல்லதண்ணி

கோட்டை நிலையத்தில் காலை ரயில். ரம்புக்கனை தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பேராதனைச் சந்தியில் வண்டி நின்றபோது கண்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். இறங்கிப் போக நேரமில்லை, ஆனால் கண்டியைச் சொல்லாமல் இந்தப் பயணக் குறிப்பு முழுமையாகாது.

1626இல் போர்த்துக்கீசர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். அடுத்து டச்சுக்காரர்கள் வந்து கத்தோலிக்கர்களை விரட்டியபோது அவர்களுக்கும் கண்டிதான் புகலிடம். கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்தார். ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். 1697இல் ஊரில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளும் அவருடைய சகோதரியின் மகனும் அவர்களைத் தேடிப்போய்க் குடில் கட்டி, சோறு ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதத்து நோயாளி என்று பார்க்கவில்லை. பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அதன் பின் அவர்களைத் தடுக்கவே இல்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்த அரசர்கள் எல்லாரும் கருணையால் மட்டும் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. போர்த்துக்கீசருக்கும் டச்சுக்காரருக்கும் எதிரி, கண்டிக்கு வேண்டியவன் என்ற கணக்கும் இருந்திருக்கும். இருக்கட்டும். அடைக்கலம் வந்தவனுக்கு நிலம் கிடைத்தது.

ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். ஒரு பக்கம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம், மறு பக்கம் தேயிலை. கூடையோடு கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள். வளைவு திரும்பியதும் மலை தெரிந்தது. கூம்பாக, தனியாக. பஸ்ஸில் இருந்த ஒரு சிங்கள இளைஞன் கைகூப்பினான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் "சிவ சிவ" என்றார்.

பாறைமீது இருக்கும் அந்தப் பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது. சைவர்களுக்குச் சிவனுடையது. முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை, சொர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி கால் வைத்த இடம். கிறிஸ்தவர்களில் சிலர் தோமா அப்போஸ்தலரின் பாதம் என்றார்கள். உயரம் 2,243 மீட்டர். இலங்கையின் மிக உயரமான மலை இதுவல்ல, ஆனால் சுற்றிலும் இணையான சிகரம் கிட்டத்தில் இல்லாததால் கடலில் வரும் கப்பலுக்கு இதுதான் முதலில் தெரிந்தது.

அறையில் கொஞ்சம் படுத்துவிட்டு நடுச்சாமத்துக்குப் பிறகு ஏற வேண்டும். அதற்குள் ஒரு கதையை எழுதிவிடுகிறேன்.

1344இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறினார். காற்று திசைமாற்றி இலங்கையில் கொண்டுவந்து விட்டது. புத்தளத்தில் இருந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. தமிழன், சைவன், பாரசீக மொழியும் தெரிந்தவன். என்ன வேண்டும் என்று கேட்டான். ஆதம் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் விருந்தாளி. அரசன் பல்லக்குக் கொடுத்தான். கூட அனுப்பியது யாரை? வருடாவருடம் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர்.

யோகிகளுக்கும் பிராமணர்களுக்கும் அது சிவன் பாதம். பல்லக்கில் இருந்தவருக்கு ஆதம் பாதம். வழி நெடுக யாருடைய பாதம் என்று அவர்கள் சண்டை போட்டதாகக் குறிப்பு இல்லை. வழி காட்டினார்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பள்ளிப் பாடத்தில் இந்த ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மார்ச் 20, வியாழன். மலை

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஆரம்பத்தில் நடை சுலபம். தோரணம், ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபம், அப்புறம் சீதகங்குல ஓடை. இங்கே முகம் கை கால் கழுவிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். தண்ணீர் விரலை விறைக்க வைக்கிறது. ஒரு சிங்களக் குடும்பம் நாணயத்தை வெள்ளைத் துணியில் முடிந்து நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொண்டிருந்தது.

அங்கேதான் ஆச்சியைப் பார்த்தேன். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். வயது அறுபதைத் தாண்டும். பேரன் பதினாலு பதினைந்து வயதுப் பையன். ஆச்சி கையில் ஒரு துணிப்பை. உள்ளே தேங்காய், கற்பூரம், எண்ணெய் போத்தல்.

"தனியாவா வந்தீங்க தம்பி? எங்ககூடவே வாங்க. மெதுவாத்தான் ஏறுவேன், ஆனா நிக்க மாட்டேன்."

சொன்னபடியே நிற்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால். என் மூச்சுத்தான் இரைத்தது.

ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒருவருக்கொருவர் பாடிக்கொண்டு போகிறார்கள். 'வந்தின்ன யன மே நடேட்ட, சுமன சமன் தெவி பிஹிட்டை' என்று ஏறும் கூட்டம் பாடும். கும்பிடப் போகும் இந்தக் கூட்டத்துக்குச் சமன் தெய்வம் துணை என்று பொருள். சமன் இந்த மலையின் காவல் தெய்வம். ஆச்சியும் அந்தச் சிங்கள வரியைச் சேர்ந்து பாடினார். பாடி முடித்ததும் "அரோகரா" என்றார். பக்கத்தில் ஏறிய சிங்களப் பிள்ளைகளில் இரண்டு பேர் "ஹரோஹரா" என்று திருப்பிச் சொன்னார்கள். கேலி இல்லை. ஏற்றத்தில் வாய்க்கு ஏதாவது வேண்டியிருக்கிறது, அடுத்தவர் சொல்வது நல்ல வார்த்தையாக இருந்தால் அதையும் சொல்கிறார்கள்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோத்துக் குத்திவிட்டு, நூலை அவிழ்த்துக்கொண்டே மேலே போவது வழக்கம். கைப்பிடிக் கம்பி நெடுக வெள்ளை நூல். அதற்கு மேலேதான் செங்குத்து ஏற்றம். ஓர் இடத்தில் ஆச்சிக்குக் கால் இடறியது. பின்னால் வந்த சிங்கள இளைஞன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவே இல்லை. உச்சி வரை "ஹெமின், அம்மே, ஹெமின்" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு படிக்கும் ஆச்சியின் பாதம் பதிந்த பிறகே தன் காலைத் தூக்கி வைத்தான். ஹெமின் என்றால் மெதுவாக. ஆச்சி அவனுக்குப் பையிலிருந்து எள்ளுருண்டை எடுத்துக் கொடுத்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆச்சிக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும்.

உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும். கல் தரை குளிர் உள்ளங்காலைச் சுடுகிறது. பாதத்தைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். குனிந்து நெற்றி வைத்துவிட்டு நகர வேண்டும். ஒருவருக்குச் சில நொடிகள்தான். ஆச்சி அந்தச் சில நொடியில் கணவர் பெயர், இரண்டு மகன்கள் பெயர், மருமகள்கள் பெயர் எல்லாம் சொல்லி முடித்தார். வெளியே மணி. எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். ஆச்சி அடித்துக்கொண்டே இருந்தார், கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே மேகத்தின்மேல் முக்கோணமாக விழுந்தது. எல்லாரும் "சாது, சாது" என்றார்கள்.

இந்த உச்சியின் சாவி பல கை மாறியிருக்கிறது. சீதாவக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் சைவனாகி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மீண்டும் பிக்குகளிடம் கொடுத்தான். இந்தக் கீர்த்தி ஸ்ரீ, மதுரை நாயக்கர் வழிவந்தவன். இன்று நிர்வாகம் பௌத்த சங்கத்தின் கையில். சாவி யாரிடம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. சாவி இல்லாதவர் எப்போதும் அனுமதியில்தான் நிற்கிறார். அதை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேசினால் பேச்சில் பாதி பொய்யாகிவிடும். ஆனால் சாவி மாறிய ஒவ்வொரு முறையும் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இறங்கும்போது ஆச்சிக்கு இப்னு பதூதா எழுதிய ஒரு கதையைச் சொன்னேன். இப்னு கஃபீஃப் என்ற பாரசீகப் பெரியவர் முப்பது பக்கிரிகளோடு இந்த மலைக்கு வந்தார். வழி தவறிப் பசி. ஒரு யானைக்குட்டியைக் கொன்று சாப்பிடுவோம் என்றார்கள் பக்கிரிகள். வேண்டாம் என்று தடுத்தார் பெரியவர். கேட்கவில்லை. அவர் மட்டும் தொடவில்லை. இரவில் யானைகள் வந்தன. தூங்குகிறவர்களின் வாயை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. பெரியவரை முகர்ந்த யானை, தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மனிதர்கள் வாழும் இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அதற்கு முன் முஸ்லிம் யாத்திரிகர்களை இந்த ஊர்க்காரர்கள் தடுத்தும் துன்புறுத்தியும் வந்தார்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குள் அழைத்துக் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறார் இப்னு பதூதா.

ஆச்சி கதையைக் கேட்டுவிட்டு, "குட்டியக் கொன்னா தாய் வரத்தானே செய்யும்" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

மார்ச் 21, வெள்ளி. கதிர்காமம்

காலையிலிருந்து மாலை வரை பஸ். நுவரெலியா, வெலிமடை, வெல்லவாய. மலை இறங்க இறங்க வெக்கை. கால் இரண்டும் கட்டையாக இருக்கிறது, அதனால் உட்கார்ந்து வந்தது நல்லதாகப் போயிற்று.

நான்கு மணிக்குப் பிறகுதான் கதிர்காமம் சேர்ந்தேன். மாணிக்க கங்கையில் முழுக்குப் போட்டேன். ஆழம் முழங்கால்தான், மருத மர நிழல், பக்கத்தில் வெள்ளை உடுத்திய குடும்பங்கள். பாலம் தாண்டி வளாகத்துக்குள் போனால் வலது கைப் பக்கம் பள்ளிவாசல், நேரே முருகன் சன்னிதி, அதற்கும் அப்பால் பௌத்தர்களின் கிரிவிகாரை. தெய்வானையம்மன் கோயிலும் இங்கேயே. எல்லாம் நடக்கும் தூரம்.

பள்ளிவாசலில் கித்ரு நபியின் நினைவிடம் இருக்கிறது. ஜீவத் தண்ணீர் குடித்து இன்னும் உயிரோடு உலவுவதாகச் சொல்லப்படும் பச்சை அங்கிப் பெரியவர். பால் மட்டுமே குடித்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பால்குடி பாவாவின் அடக்கத்தலமும் இங்கேதான். ஆடித் திருவிழாவின்போது முருகன் கோயிலில் பெரஹரா ஊர்வலம் நடக்கும் அதே நாட்களில் இந்தப் பள்ளியிலும் கொடி ஏறும்.

ஆறு மணி வாக்கில் பள்ளி முற்றத்தில் பாய் விரித்தார்கள். தட்டில் பேரீச்சம்பழம், சமோசா, பெரிய கோப்பையில் நோன்புக் கஞ்சி. நான் ஒதுங்கி நின்றேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி, இருங்க. நோன்பு இல்லாட்டியும் கஞ்சி உண்டு."

உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சிங்களத் தம்பதி, கையில் முருகனுக்குப் பழத்தட்டு. அவர்களுக்கும் இரண்டு கோப்பை வந்தது. கஞ்சி கெட்டியாக, தேங்காய்ப்பாலும் வெந்தயமும் ரம்பை இலையும் மணக்க, நடுவில் இறைச்சித் துணுக்கு. சிங்களப் பெண்மணி கோப்பையைப் பார்த்துத் தயங்கினார். முருகன் பூசைக்குப் போகிறவர்கள் மாமிசம் தொடமாட்டார்கள். கஞ்சி ஊற்றியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு கோப்பையையும் எடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பேரீச்சம்பழமும் இனிப்புச் சர்பத்தும் கொண்டுவந்து வைத்தார். தட்டில் கைபடாமல் வைத்தார். பூசைத்தட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பாங்கு ஒலித்தது. பழத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே முருகன் கோயிலில் ஆறரைப் பூசைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. அவர்கள் தொழுகைக்கு எழுந்தார்கள், நாங்கள் பூசைக்கு எழுந்தோம்.

சன்னிதியில் விக்கிரகம் கண்ணுக்குத் தெரியாது. வள்ளி தெய்வானையோடு முருகன் எழுதிய திரை மட்டும்தான். வாயை வெள்ளைத் துணியால் கட்டிய கப்புறாளை, அதாவது பூசாரி, திரைக்குப் பின்னால் போய் வருகிறார். பூசை முழுக்கச் சிங்களக் கப்புறாளைகள் கையில். பழத்தட்டில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

வெளியே தேங்காய் உடைக்கும் இடத்தில் மட்டக்களப்புப் பெரியவர் ஒருவரோடு பேசினேன். "முந்தி நாங்க அங்கயிருந்து நடந்துதான் வாற, மகன். காட்டுக்குள்ளால. அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் முஸ்லிம் ஆக்கள் தண்ணி வச்சித் தருவாங்க, சாப்பாடும் தருவாங்க. பிறகு 90இல எல்லாம் கெட்டுப் போச்சு."

எது கெட்டுப்போனது என்று அவர் விரித்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்கள் தமிழர்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளும் உண்டு. நமக்கு நடந்ததைச் சொல்லும்போது நம் பெயரால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்தவர் வலியைப் புரிந்துகொள்வதற்கு இதைத் தவிர வேறு தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"இப்ப திரும்ப நடக்கிறாங்க" என்றார் பெரியவர். "என்ட மகள் போன வருசம் நடந்தவ. பொத்துவில்ல தண்ணி குடுத்தாங்களாம்."

மார்ச் 22, சனி. தெவுந்தர

காலையில் கிரிவிகாரையைச் சுற்றிவிட்டுக் கிளம்பினேன். திஸ்ஸ, அம்பாந்தோட்டை, தங்காலை வழியாகக் கடற்கரைச் சாலை. தெவுந்தர இலங்கையின் தென்முனை. இப்னு பதூதா மலையிலிருந்து இறங்கி இந்த ஊருக்கும் வந்தார். ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும், ஆடிப்பாடும் ஐந்நூறு பெண்களும் இருந்த பெருங்கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழர் இதைத் தொண்டேஸ்வரம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். 1588இல் போர்த்துக்கீசர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இப்போது இருப்பது நீலமும் வெள்ளையுமான விஷ்ணு தேவாலயம், பக்கத்தில் விகாரை. பழைய கல்தூண்கள் அங்கங்கே நிற்கின்றன. அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். இதை இன்று எழுதுவது நாளைக்காகத்தான்.

மார்ச் 23, ஞாயிறு. கொழும்பு

காலை ரயிலில் கொழும்பு. முதலில் பொரளை கனத்தை மயானம்.

2020இல் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. புதைத்தாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இங்கே எரித்தார்கள். அடுத்த நாட்களில் மக்கள் வந்து இந்த மயானத்துக் கம்பிக் கதவில் வெள்ளைத் துணி கட்டினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பாதிரியார்கள். இறந்த முஸ்லிமின் உடலைச் சுற்றும் கஃபன் துணியின் நினைவாக. இரவோடு இரவாக யாரோ அறுத்து எறிந்தார்கள். மறுபடி வந்து கட்டினார்கள். நாடு முழுக்க வீட்டு வாசல்களில் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது.

துணி கட்டியவர்களில் பலருக்கு எரிப்பதுதான் வழக்கம். புதைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று அவர்கள் மதம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்தவருக்கு முக்கியம் என்பது போதுமானதாக இருந்தது. இந்தப் பயணத்தில் கேட்க வந்த கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் இந்தக் கம்பிக் கதவைத்தான் முதலில் வைப்பேன். இப்போது அதில் ஒன்றும் இல்லை. வண்டிகள் போய் வருகின்றன.

மதியம் தேசிய அருங்காட்சியகம். காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வந்தேன். 1911இல் காலி நகரில் ஒரு சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. சீனப் பேரரசர் யொங்லோவின் கப்பற்படைத் தலைவன் செங் ஹே கொண்டுவந்தது. 1409இல் சீனாவிலேயே வெட்டப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவுந்தரயில் கோயில்கொண்டிருந்த தெய்வமான தேனவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால்.

பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய். மூன்று பட்டியலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கப் பார்த்தேன். தேய்ந்திருக்கிறது, சில இடம் பிடிபடுகிறது. பாரசீகம் இன்னும் தேய்ந்துவிட்டது. எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: மூன்று கூட்டமும் படிக்கும், தன் தெய்வத்துக்குக் குறைத்துவிட்டார்களா என்று பார்க்கும். குறைக்கவில்லை.

இதே செங் ஹே 1411இல் இங்கே போர் நடத்தி, இங்கே ஆட்சி செய்த அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனான். கல்லில் மூன்று தெய்வங்களுக்கும் சமமாகக் கொடுத்த கை அது. அதனால் கல் பொய்யாகிவிடுமா என்று திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஆகாது என்றே நினைக்கிறேன். அரசன் எந்த நோக்கத்தில் வெட்டினாலும், அந்த அளவு இனி நமக்குத் தெரியும்; அதற்குக் குறைவாக நடப்பவர்களிடம் காட்ட ஒரு கல் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: அருங்காட்சியகம் ஞாயிறும் திறந்திருக்கிறது. மலைக்கு வெசாக் பௌர்ணமிக்குள் போய்விடுங்கள், வார நாளில் போனால் படியில் நெரிசல் குறைவு, கம்பளி கட்டாயம் வேண்டும். நோன்பு மாதமானால் கதிர்காமத்தில் மாலைப் பூசைக்கு அரைமணி முன்னதாகவே பள்ளிவாசல் பக்கம் போங்கள். மாமிசம் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.